பக்கத்து நிலத்தார் யார்?

ஊருக்கு ஒரு விளையாட்டு மண்டபம் வரப்போகிறது என்று கேட்டு மகிழாதார் யார்? பூப்பந்து ஆடக் கூரையிட்ட ஆடுகளங்கள், சிறுவர்க்குச் சறுக்குமரம், இளைஞர்க்குப் புட்சால், முதியோர் அமர்ந்து தேநீர் அருந்த ஓர் உணவுச்சாலை என யாவும் ஒரே கூரையின்கீழ் அமைந்த இடத்தைக் குடும்ப விளையாட்டுக் கேளிக்கை நிலையம் என்று இக்காலத்தார் வழங்குகின்றனர். அத்தகைய நிலையம் எழுமுன், அது எழவிருக்கும் நிலம் எத்தன்மைத்து, அங்கு அதனை அமைத்தல் தகுமா என்று ஊராட்சி மன்றம் ஆராய்ந்து ஒப்புதல் வழங்க வேண்டும் என்பது சட்டம். அவ்வொப்புதல் எவ்வாறு பிறக்கிறது, அதில் யார் பேசலாம், யார் பேச இயலாது என்பனவற்றை நம் ஆசிரியர்கள் தெரிந்துவைத்திருத்தல் நலம். தோட்டங்களும் தோட்டப்பள்ளிகளும் நிற்கும் நிலத்திலேயே இன்று இத்தகைய கட்டடங்கள் பல எழுகின்றன என்பதே காரணம்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு சொல். இத்துறையில் அடிக்கடி அடிபடுவது 'மண்டலம்' என்பது. அது நமக்குப் புதிய சொல் அன்று. வட்டம் என்பது அதன் அடிப்படைப் பொருள். தொண்டை மண்டலம், கொங்கு மண்டலம் எனும்போது நாட்டுப் பிரிவைச் சுட்டும். நாட்டு மருத்துவர் நாற்பத்தெட்டு நாள் மருந்து உண்ணும் கணக்கையும் ஒரு மண்டலம் என்பர். நகரமைப்பாளர் கூறும் மண்டலமோ இவற்றினும் வேறானது. இந்நிலத்தை ஆள்பவர் யார் என்பதை அது கூறுவதில்லை. இந்நிலம் எதற்குப் பயன்படும் என்பதை மட்டுமே கூறும். குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை, திறந்தவெளி என நிலப்படத்தில் ஒவ்வொரு பயனுக்கும் ஒரு நிறம் தீட்டப்படும். 'நிலப்பயன் பகுப்பு' என்றால் பொருள் இன்னும் தெளிவாக விளங்கும் என்பது என் எண்ணம். எனினும் நாளேடுகளில் மண்டலம் என்பதே நிலைத்துவிட்டமையின் அதனையே ஈண்டு ஆள்கின்றேன்.

இப்பகுப்பு முறை மிகப் பழையதும் அன்று. 1916ஆம் ஆண்டில் நியூயார்க் நகரம் தன் எல்லை முழுமைக்கும் மண்டல விதி வகுத்தது. தனியார் நிலத்தின்மேல் அரசு இவ்வாறு கோடு கிழிக்கலாமா என்ற வழக்கில், கிழிக்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1926இல் தீர்ப்பளித்தது. நம் நாட்டிலோ, ஆஸ்திரேலியாவில் நகரமைப்பாளராய் விளங்கிய சார்லஸ் ரீட் என்பார் 1921இல் கூட்டு மலாய் மாநிலங்களுக்கு வந்து பணியேற்றார். அவர் முயற்சியால் 1923இல் ஒரு நகரமைப்புச் சட்டமும் பிறந்தது. அண்டையிலுள்ள சிங்கப்பூர் 1958இல் தன் முதற் பெருந்திட்டத்தைச் சட்டமாக்கியது. அத்திட்டத்தின் இன்றைய வடிவில் விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் தனி மண்டலமே உண்டு. தீபகற்ப மலேசியாவில் இன்று நடப்பிலுள்ளது 1976ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டம். 172ஆம் சட்டம் என்பது அதன் எண். கோலாலம்பூருக்கு 1982ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக உண்டு.

நிற்க. தோட்டத்தின் ஓரத்தில் ஐந்து ஏக்கரை ஒருவர் வாங்கி, அதில் விளையாட்டு மண்டபம் கட்ட எண்ணுகிறார் என வைத்துக்கொள்வோம். அவர் புகவேண்டிய வாயில்கள் மூன்று.

முதல் வாயில் நில அலுவலகம். 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் நிலப்பட்டாவில் வேளாண்மை, கட்டடம், தொழில் என மூவகைப் பயனுள் ஒன்றைக் குறிக்கின்றது. பால்மரமும் செம்பனையும் நின்ற நிலம் பெரும்பாலும் வேளாண்மை வகையைச் சேர்ந்தது. அதில் மண்டபம் எழுப்புதல் ஆகாது. வகையை மாற்றித் தருமாறு மாநில அரசுக்கு விண்ணப்பித்து, அதற்குரிய பிரிமியத் தொகையைக் கட்டவேண்டும். அன்றியும், நாற்பது ஹெக்டருக்குக் குறையாத தோட்டநிலத்தைத் துண்டாடிக் கைமாற்றுவதற்குத் தோட்டநில வாரியத்தின் இசைவும் வேண்டும். இவ்வாரியம் ஒன்று இருப்பதையே அறியாத தோட்டத் தலைவர்களை நான் கண்டிருக்கின்றேன்.

இரண்டாவதே நாம் பேசவந்த வாயில். அது திட்டமிடல் அனுமதி. மலாய்மொழியில் 'கெபெனாரான் மெரஞ்சாங்' என்பர். ஊராட்சி மன்றமே இதனை வழங்கும். மன்றத்தின் கையில் உள்ளூர்த் திட்டம் என்னும் நிலப்படமும் எழுத்துரையும் இருக்கும். விண்ணப்பம் அத்திட்டத்திற்கு முரணாயின் அனுமதி வழங்கலாகாது என்கிறது சட்டம். ஆதலின், மண்டபம் நல்லதா தீயதா என்பது முதற் கேள்வி ஆகாது. அந்நிலத்திற்கு முன்னரே தீட்டப்பட்ட நிறம் யாது என்பதே முதற் கேள்வி.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. செங்கல் ஒன்றும் வைக்காமல், இருக்கும் கட்டடத்தின் பயனை மாற்றினாலும் அது 'மேம்பாடு' என்றே சட்டத்தில் கொள்ளப்படும். கிள்ளான் பள்ளத்தாக்கில் தொழிற்சாலைக் கொட்டகைகள் பல பூப்பந்து மண்டபங்களாக மாறியுள்ளமையைப் பலரும் கண்டிருப்பர். பூப்பந்துக்கு உயர்ந்த கூரை வேண்டும். கடைவீட்டில் அது கிட்டாது, கொட்டகையில் கிட்டும். ஓர் ஆடுகளத்தின் அளவு 13.4 மீட்டருக்கு 6.1 மீட்டர். செபாக் தக்ரோ ஆடுகளத்திற்கும் அதே அளவுதான். எங்கள் இளமையில் தோட்டத்தார் ஒரே கோட்டுக்குள் காலையில் ஒன்றும் மாலையில் மற்றொன்றும் ஆடியது இவ்வொற்றுமையால்தான். அது கிடக்கட்டும். இயந்திரம் ஓடிய கொட்டகையில் வலை கட்டிக் கட்டணம் வாங்கினால் அதற்கும் அனுமதி வேண்டும். அனுமதியின்றிச் செய்வோர்க்கு ஐந்து லட்சம் வெள்ளி வரை தண்டமோ, இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

இன்னொரு சிக்கல், இந்நிலையத்தை எவ்வகையில் அடக்குவது என்பது. பந்தாட்டம் மட்டுமாயின் அது விளையாட்டு. ஸ்னூக்கர் மேசையும், காசு போட்டு ஆடும் படக்கருவிகளும், இசைக்கூடமும் சேர்ந்தால் அது கேளிக்கை. உணவுச்சாலையும் கடைகளும் மிகுந்தால் அது வணிகம். விண்ணப்பத்தில் 'விளையாட்டு' என்று எழுதி நுழைந்து, பின்னர் 'கேளிக்கை'யாக விரிவதும் நடப்பதுண்டு. ஆகவே விண்ணப்பத் தாளில் உள்ள பெயரைவிட, இணைத்துள்ள தரைவரைபடத்தில் எந்த அறைக்கு என்ன பெயர் எழுதப்பட்டுள்ளது என்பதையே பார்க்கவேண்டும்.

மூன்றாவது வாயிலில் கட்டட வரைபடம், தீயணைப்புத் துறையின் இசைவு, கட்டி முடித்தபின் நிறைவுச் சான்றிதழ், உரிமங்கள் ஆகியவை அடங்கும். சிலாங்கூரில் கேளிக்கை இடங்களுக்கு 1995ஆம் ஆண்டுச் சட்டமும் கோலாலம்பூரில் 1992ஆம் ஆண்டுச் சட்டமும் உள. இவற்றை விரிப்பிற் பெருகும். கட்டுவோர் கவலை அது.

நம் கவலை வேறு. இரண்டாம் வாயிலில் விண்ணப்பம் கிடக்கும்போது, அருகில் வாழும் மக்கள் வாய்திறக்க வழியுண்டா? உண்டு. உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியாயின், பக்கத்து நிலத்தின் உடைமையாளர்க்கு மன்றம் எழுத்து வாயிலாக அறிவிக்க வேண்டும். அறிவிப்புக் கிடைத்த 21 நாளுக்குள் அவர்கள் ஆட்சேபம் எழுதலாம். அதனைப் பெற்ற 30 நாளுக்குள் மன்றம் அவர்களை அழைத்துக் கேட்கவேண்டும். முடிவு ஒவ்வாதாயின், ஆட்சேபம் தெரிவித்துக் கேட்கப்பட்டவர் மேல்முறையீட்டு வாரியத்தை ஒரு மாதத்திற்குள் அணுகலாம். பக்கத்து நிலம் எது என்பதையும் சட்டமே கூறுகிறது. ஒட்டிய நிலம் ஒன்று. இருபது மீட்டருக்கு மிகாத சாலையோ சந்தோ வடிகாலோ இடையிட்ட நிலம் மற்றொன்று. முட்டுச்சாலை ஒன்றையே இருதரப்பும் பயன்படுத்துமாயின் இருநூறு மீட்டர் எல்லைக்குட்பட்ட நிலம் வேறொன்று.

'நிலத்தின் உடைமையாளர்' என்னும் சொல்லை ஆசிரியர்கள் அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டுகிறேன்.

2003ஆம் ஆண்டில் நான் ஓர் இளம் ஆசிரியனாய் ஒரு தோட்டப்பள்ளியில் பணியாற்றினேன். பள்ளிக்கும் பெருஞ்சாலைக்கும் இடையில் தோட்டத்தின் பழைய பந்துத்திடல் இருந்தது. பள்ளிக்குச் சொந்தத் திடல் இல்லை. விளையாட்டுப் போட்டி, கபடி, திருவிழாக்கால நாடகம் யாவும் அங்கேதான். ஒருநாள் அதன் ஓரத்தில் முளையடித்துக் கயிறு கட்டினர். குடும்ப விளையாட்டு மண்டபம் வருகிறதென்று பேச்சு எழுந்தது. பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் பால்வெட்டு முடிந்ததும் நேரே பள்ளிக்கு வந்தார். இருவரும் பேருந்தேறி ஊராட்சி மன்ற அலுவலகத்திற்குச் சென்றோம். அலுவலர் நல்ல மனிதர். கோப்பை எடுத்துப் பார்த்து, பக்கத்து நிலத்தார்க்கு முறைப்படி அறிவிப்பு அனுப்பியாயிற்று, ஆட்சேபம் வரவில்லை, காலமும் கடந்துவிட்டது என்றார்.

யாருக்கு அனுப்பினீர்கள் என்று கேட்டோம். தோட்ட நிறுவனத்திற்கு.

திடலை விற்றதும் அதே நிறுவனம். லயங்கள் நின்ற நிலம் அவர்களுடையது. கோயில் நின்ற நிலம் அவர்களுடையது. பள்ளிக்கூடம் நின்ற நிலமும் அவர்களுடையதே. விற்றவரே பக்கத்து நிலத்தாருமானால் ஆட்சேபம் எங்ஙனம் பிறக்கும்? சங்கத் தலைவர் மூன்று தலைமுறையாய் அந்த லயத்தில் வாழ்ந்தவர். பேருந்தில் திரும்பும்போது நெடுநேரம் பேசாமல் வந்தவர், "அப்ப நாம பக்கத்து ஆளு இல்லையா சார்?" என்று கேட்டார். சட்டப்படி இல்லை என்று அவரிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை.

மண்டபம் எழுந்தது. அதனைப் பழித்துப் பேச நான் விரும்பவில்லை. வார இறுதியில் பட்டணத்துக் குடும்பங்கள் கார்களில் வந்து மகிழ்ந்தன. எம் மாணவர் இருவர் அங்கே பந்து பொறுக்கிப் பூப்பந்து கற்று மாவட்ட அளவில் ஆடினர். ஆயின், கார்கள் நுழையும் வாயில் பள்ளி வாயிலுக்கு எதிரேயே அமைந்துவிட்டது. இரவு விளக்கு லயத்துச் சன்னல்களில் அடித்தது. ஓராண்டில் பின்கட்டில் படக்கருவிகள் முளைத்தன. பள்ளிநேரத்தில் அங்கே சென்று பிள்ளைகளை அழைத்துவருவது எனக்கு அன்றாடப் பணியாயிற்று.

இவற்றுள் பெரும்பாலானவற்றைத் தடுத்திருக்கலாம் என்பதைப் பிற்பாடு சட்டத்தைப் படித்தபோதுதான் உணர்ந்தேன். திட்டமிடல் அனுமதி என்பது ஆம், இல்லை என்ற இரண்டே விடை உடையது அன்று. நிபந்தனைகளோடு வழங்கவும் மன்றத்திற்கு அதிகாரம் உண்டு. வாயிலை மறுபுறம் வைக்கச் சொல்லலாம். மூடும் நேரத்தை வரையறுக்கலாம். எல்லையில் மரவரிசை நடச் சொல்லலாம். பள்ளிக்கு நடைபாதை ஒதுக்கச் சொல்லலாம். கேட்பார் இருந்தால் மன்றம் நிபந்தனை விதித்திருக்கும். நாங்கள் மண்டபமே வேண்டாம் என்று கூறச் சென்றோமேயன்றி, இன்னின்னவாறு கட்டுக என்று கூறத் தெரிந்திருக்கவில்லை.

இனி, நாடறிந்த வழக்கு ஒன்றைப் பார்ப்போம். கோலாலம்பூரின் மேற்கே புக்கிட் கியாரா என்னும் ரப்பர்த் தோட்டம் இருந்தது. அரசு அதனைக் கையகப்படுத்திய பின்னர் அந்நிலத்தில் கோல்ப் திடல்களும் குதிரையேற்ற அரங்கும் தோன்றின; அருகில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பு வளர்ந்தது. தோட்டத்து உழைப்பாளர் குடும்பங்களோ 1982 முதல் 'ரூமா பாஞ்சாங்' எனப்படும் நீண்ட வீடுகளில் தற்காலிகமாகக் குடியேற்றப்பட்டனர். நிலையான வீடு கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு அவர்கள் பல்லாண்டு அங்கேயே காத்திருந்தனர். அவர்கள் பால்வெட்டிய காட்டில் பிறர் விளையாட இடம் உடனே கிடைத்தது. அவர்களுக்கு வீடு கிடைக்கவில்லை.

அந்நீண்ட வீடுகளை ஒட்டியது தாமான் ரிம்பா கியாரா என்னும் பூங்கா. ஏறத்தாழ 25 ஏக்கர் பரப்பு. 2004இல் அரசிதழில் வெளியான கோலாலம்பூர்க் கட்டமைப்புத் திட்டம் அதனைப் பொதுத் திறந்தவெளியாகக் கருதியது. 2017இல் அதில் ஏறத்தாழ 12 ஏக்கரில் அடுக்குமாடி வீடுகள் கட்ட மாநகர் மன்றம் மேம்பாட்டு ஆணை வழங்கியது. நீண்ட வீட்டு மக்களுக்காக 350 மலிவு விலை வீடுகள். அவற்றோடு 42 முதல் 54 மாடி வரை உயரும் எட்டு ஆடம்பரக் கோபுரங்கள். அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர் வழக்குத் தொடுத்தனர். 2018இல் உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் குடியிருப்பாளர் பக்கம் நின்றது. 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. அத்தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் நளினி பத்மநாதன். கட்டமைப்புத் திட்டம் சட்ட வலிமை உடையது, மன்றத்தலைவர் அதனைக் காரணமின்றிப் புறக்கணித்தல் ஆகாது, அதனின்று விலகுவதாயின் காரணம் கூறவேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

நம்மவருள் சிலர் இவ்வழக்கைச் செல்வர் பூங்காவுக்கும் ஏழைத் தமிழர் வீட்டுக்கும் இடையே நடந்த போராகவே கண்டனர். அவ்வாறு காண்பதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. நூற்றுக்குச் சற்று ஏறக்குறைய உள்ள குடும்பங்களுக்கு வீடு கொடுக்க எட்டுக் கோபுரங்கள் வேண்டா. வாக்குறுதியைப் பல்லாண்டு கிடப்பில் போட்டு, அதனை நிறைவேற்றும் விலையாகப் பொதுப்பூங்காவைக் கேட்டதில்தான் பிழை. இருதரப்பு மக்களும் எதிரெதிரே நிறுத்தப்பட்டனர். ஆயினும் ஒரு வேறுபாட்டை மறைத்துப் பயனில்லை. வழக்கு வெல்லும் கருவி ஒருதரப்பின் கையில் இருந்தது. அது 2004ஆம் ஆண்டுத் திட்டத்தில் பூங்காவைக் குறித்திருந்த அந்த ஒரு குறிப்பு. தோட்ட மக்களுக்கு வீடு என்று அவ்வளவு வலிமையோடு ஊன்றி நிற்கத்தக்க குறிப்பு மறுதரப்புக்கு இருக்கவில்லை.

இதனால்தான் திட்டம் வரையப்படும் காலத்தையே ஆசிரியர்கள் கவனிக்கவேண்டும் என்கிறேன். உள்ளூர்த் திட்டம் அரசிதழில் ஏறிவிட்ட பகுதியில், தனித்தனி விண்ணப்பத்திற்குப் பக்கத்து நிலத்தார்க்கு அறிவிக்கும் கடமையை 172ஆம் சட்டம் மன்றத்தின்மேல் சுமத்துவதில்லை. சில மாநிலங்களின் விதிகள் மட்டும் மேலும் சில அறிவிப்புகளைக் கோருகின்றன. மக்கள் கருத்தைத் திட்டம் வரையும்போதே கேட்டாயிற்று என்பது சட்டத்தின் எண்ணம். திட்டத்தின் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். ஆட்சேபம் எழுதக் குறைந்தது நான்கு வாரம் தரப்படும். அப்போது பட்டா கேட்பார் இல்லை. லயத்தில் வாழ்பவரும் எழுதலாம். பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் எழுதலாம். நிலம் இல்லாதவனுக்கு நிலத்தைப் பற்றிப் பேச வாய்த்த காலம் அந்த நான்கு வாரமே.

சில ஆண்டுகளுக்கு முன், இப்போது நான் தலைமையாசிரியனாய் உள்ள பள்ளியின் மாவட்டத்திற்குத் திட்ட வரைவு ஒன்று பார்வைக்கு வந்தது. மன்ற மண்டபத்தில் சுவர் நிறைய நிலப்படங்கள் மாட்டியிருந்தன. பெற்றோர் நால்வரோடு சென்று எம் பள்ளியைத் தேடினேன். ஆற்றின் வளைவைக் கொண்டு இடத்தைக் கண்டுபிடித்தோம். அங்கே பள்ளி இல்லை; திடலும் இல்லை. சுற்றியுள்ள செம்பனைக்கு உரிய வேளாண்மை நிறமே அதன்மேலும் ஓடியிருந்தது. அதனருகே, பெருஞ்சாலையை ஒட்டி, வணிகத்துக்கும் பொழுதுபோக்குக்கும் என ஒரு புதிய கட்டம் தீட்டப்பட்டிருந்தது. யாரும் தீய நோக்கத்தோடு செய்ததன்று. பள்ளிக்குத் தனிப்பட்டா இல்லாமையால் வரைந்தவரின் பதிவேட்டில் அது அகப்படவில்லை.

மூன்றே பொருளை எழுதினோம். பள்ளியின் இடம் கல்வி நிறுவனம் எனக் குறிக்கப்பட வேண்டும். திடல் திறந்தவெளி எனக் குறிக்கப்பட வேண்டும். புதிய கட்டத்தில் எது எழுந்தாலும் அதன் வாயில் பள்ளிச்சாலையில் அமையலாகாது. பத்திரமாய் முத்திரையிட்ட நகலைப் பள்ளிக் கோப்பில் வைத்தோம். விசாரணைக்கு அழைப்பு வந்தது. மூவர் அமர்ந்து கேட்டனர். அவருள் ஒருவர், திடலின் அளவு என்ன என்று வினவினார். எங்களிடம் விடையில்லை. மறுவாரம் கொண்டுவருமாறு கூறினார்.

ஆறாம் ஆண்டு மாணவர் அறுவரை அளவுநாடாவோடு அனுப்பினேன். நீளம் 92 மீட்டர், அகலம் 58 மீட்டர். கோல்கம்பத்துக்குப் பின்னால் மாமர நிழலில் உள்ள பகுதியையும் சேர்க்கலாமா என்று ஒருவன் ஓடிவந்து கேட்டான். சேர்த்துக்கொள் என்றேன். அந்தத் தாளைப் பெற்றுக்கொண்ட அலுவலர், தம் மேசைமேல் விரித்திருந்த படத்தில் ஆற்றின் வளைவுக்கு மேலே பென்சிலால் ஒரு சிறு கட்டம் வரைந்து, உள்ளே இரண்டு எண்களையும் எழுதிக்கொண்டார்.